அம்மா மறுபடி விழாமல் இருக்க: ஒரு பழைய கண்டக்டரின் குறிப்புகள்

சேலம்–ஏற்காடு பேருந்தில் 27 வருடம் கண்டக்டராக இருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. எத்தனையோ பெரியவர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கியிருக்கிறேன். எங்கள் அம்மா விழுந்தது மலையில் இல்லை. சேலம் டவுனில் குகை என்கிற பகுதியில், எங்கள் சொந்த வீட்டு முன்கட்டில்.

அப்பா நெய்துகொண்டிருந்த காலத்தில் அங்கே தறிக்குழி இருந்தது. அவர் போன பிறகு மண் போட்டு மூடி சிமென்ட் பூசினோம். பூசின இடம் சுற்றியுள்ள தரையைவிட அரை அங்குலம் மேடு. எங்கள் யார் கண்ணிலும் அது பட்டதே இல்லை. 79 வயதில் அம்மாவின் கால்தான் அதைக் கண்டுபிடித்தது. இடது இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மறுநாளே பிடித்து நிற்க வைத்தார்கள், வீட்டிலும் தினமும் நடக்க விடச் சொன்னார்கள். நாங்கள்தான் கேட்கவில்லை. "அசையாம இரும்மா" என்று உட்கார வைத்தோம். கீரை ஆய்கிற தட்டைக்கூட கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். மூன்று மாதத்தில் தொடைச்சதை கரைந்துபோனது. அப்புறம் கட்டிலிலிருந்து எழும்போதே ஒருமுறை சரிந்து விழுந்தார். முதல் தடவைக்குத் தரை காரணம், இரண்டாவதற்கு நாங்கள் காரணம். இப்போது அம்மாவுக்கு 83. கைத்தடியோடு தெருமுனை வரை போய் வருகிறார். இடையில் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். பத்தடி தூரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு கைப்பேசியில் நேரம் பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு முதலில் 31 விநாடி ஆனது, இப்போது 17. இன்னும் ஆபத்துக் கணக்கில்தான் இருக்கிறார். ஆனாலும் 31க்கும் 17க்கும் உள்ள வித்தியாசம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது ராத்திரி. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டு எட்டு. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல், அம்மாவின் செருப்பையே மாட்டிக்கொண்டு நான் நடந்து பார்த்தேன். மடங்கிக் கிடந்த கால்மிதி, மின்விசிறி ஒயர், நிலைப்படி, தேய்ந்துபோன ஹவாய் செருப்பு என்று நாலு இடத்தில் தடுக்கியது. கால்மிதியை எடுத்தோம். ஒயரைச் சுவரோரம் அடித்தோம். நிலைப்படிக்கு மஞ்சள் பெயின்ட். குதிகாலில் வார் வைத்த செருப்பு. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை மூன்று நைட் லாம்ப். நைட்டியின் விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றித் தைத்தாள் என் மனைவி. தறிக்குழி மேட்டைக் கொத்திச் சமப்படுத்தியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டிலின் உயரத்தையும் பாருங்கள். உட்காரும்போது பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முட்டி ஏறக்குறைய நேர்கோணத்தில் இருக்க வேண்டும். எங்கள் பழைய தேக்குக் கட்டில் உயரம், அம்மா அதில் குழந்தை மாதிரி கால் தொங்கப் போட்டு உட்காருவார். ஆசாரியை வைத்துக் கட்டிலின் காலை வெட்டிக் குறைத்தோம். அம்மாவுக்குச் சீதனமாக வந்த கட்டில் அது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வண்டி நிற்பதற்கு முன்னால் எழுந்திருக்கிறவர்களைத்தான் கண்டக்டர் திட்டுவார். படுக்கையிலும் அதே சட்டம். விழித்ததும் எழுந்து உட்கார்ந்து, காலைக் கொஞ்சம் ஆட்டி, ஒரு நிமிடம் கழித்துத்தான் நிற்க வேண்டும். வயதானவர்களுக்குத் திடீரென நின்றால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். வீட்டில் பி.பி. கருவி இருந்தால் படுத்திருக்கும்போது ஒருமுறை, நின்ற பிறகு ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, சளிக்குக் கடையில் வாங்குகிற மாத்திரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் மாத்திரை எல்லாமே தலைசுற்றலைக் கொண்டுவரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரையையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு மருத்துவர் மேசையில் கொட்டுங்கள். அம்மாவின் பையில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது, இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, தண்ணீர். ராத்திரி எழ வேண்டியிருக்குமே என்ற பயத்தில் பெரியவர்கள் பகலிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். நம் சேலத்துச் சித்திரை வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். காலையிலிருந்து மாலை ஆறு மணிக்குள் மோர், நீராகாரம், தண்ணீர் என்று குடிக்க வைத்துவிட்டு, அதற்குமேல் குறையுங்கள். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாத்ரூம்தான் பெரிய வேலை. முதலில் ரப்பர் உறிஞ்சு வைத்த கைப்பிடி ஒன்றை வாங்கி ஒட்டினேன். கடைக்காரர் யானையைக்கூடத் தாங்கும் என்றார். நான் தொங்கிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. பேருந்தில் கம்பியை யாராவது ஒட்டி வைப்பார்களா? டவல் கம்பியும் ஆளைத் தாங்காது. சுவரில் துளை போட்டு, ஆங்கர் போல்ட் வைத்து, ஒன்றேகால் அங்குல ஸ்டீல் குழாயை முடுக்குங்கள். கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று படுக்கைவசமாக, குளிக்கிற இடத்தில் ஒன்று நெட்டுக்குத்தாக. உயரத்துக்கு அளவு நாடா வேண்டாம். பெரியவரையே உட்கார வைத்து, எழும்போது அவர் கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். எங்கள் கொத்தனார் தன் உயரத்துக்கு வைக்கப் பார்த்தார், அம்மா நாலடி பத்தங்குலம்.

குந்துகிற பேசின் மட்டும் இருந்தால், அதன்மேல் வைக்கிற கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். குளிக்க, காலில் ரப்பர் புஷ் உள்ள நாற்காலி. வாளியைத் தரையில் வைத்தால் குனிந்து மொள்ள வேண்டும், முக்காலி மேல் வையுங்கள். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் திறப்பது போல் மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் திறக்கவே முடியாது. தாழ்ப்பாளும் வேண்டாம்.

கூப்பிட ஏதாவது வேண்டுமே. பொத்தான் அழுத்துகிற மணி வாங்கி வைத்தோம், அம்மா அதைத் தொடவே இல்லை. என் பழைய விசிலைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுவிட்டேன். ஒரு விசில் என்றால் நில், வா. இரண்டு விசில் என்றால் ஒன்றுமில்லை, போகலாம். இந்தக் கணக்கு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

சரி, வீட்டை மாற்றியாயிற்று. காலுக்கு வலு வர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்குக் கொடுத்த பயிற்சிகளில் முக்கியமானது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து எழ வேண்டும். ஐந்து தடவை, காலை, மதியம், மாலை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்பது இன்னொன்று. நம் வேலை பக்கத்தில் நிற்பது. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்பட்டை பிசகும். கூடவே ஒரு முட்டையோ, சுண்டலோ, பாசிப்பயறோ தினமும் வேண்டும். கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் சதை எங்கிருந்து வரும்?

ஆனால் அம்மாவை நடக்க வைத்தது பயிற்சி மட்டுமில்லை. கீரைத்தட்டைத் திருப்பிக் கொடுத்தோம். கொத்தமல்லி வாங்க, தள்ளுவண்டிக்காரர் வரும்போது அவரே வாசலுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. "அத்தை, வண்டி வந்துடுச்சு" என்று மனைவி குரல் கொடுத்தால் போதும். அந்த வண்டிக்காரரிடம் இரண்டு ரூபாய் குறைப்பதற்காகவே ஒரு நாளைக்கு முப்பது எட்டு நடக்கிறார்.

கைத்தடியைப் பாதிப் பேர் தப்பாகப் பிடிக்கிறார்கள். வலி உள்ள காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு இடது இடுப்பு, தடி வலது கையில். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் தலை மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

இத்தனைக்கும் பிறகு விழுந்தால்? அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், எங்கே வலி என்று கேளுங்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலித்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108க்குப் போடுங்கள். எண்ணெய்க்கட்டுக்கு அலைந்து நாளைக் கடத்தாதீர்கள், இடுப்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில வாரம் கழித்துத் தலைவலி, அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம் வந்தாலும் அந்த அடியை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண்கள் இரண்டைச் சுவரில் எழுதி வையுங்கள்: மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567. 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் கொடுக்கிற ஆயுஷ்மான் வய வந்தனா காப்பீட்டு அட்டையையும் விழுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

போன தையில் அம்மா ஏற்காடு போக வேண்டும் என்றார். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, கதவுக்கு அடுத்த சீட்டில், வளைவில் சாயாத மாதிரி அம்மாவை ஜன்னலோரமும் நான் வெளிப்பக்கமும் உட்கார்ந்தோம். காலையில் இரண்டு இட்லிதான். கையில் ஸ்வெட்டர், ஒரு ஜோடி மாற்றுத்துணி. ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கும்போது, பெரியவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற முறையைச் சொன்னேன்: முகத்தை வண்டிப் பக்கம் திருப்பி, இரண்டு கம்பியையும் பிடித்து, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்க வேண்டும். ஆள் கீழே நிற்க வேண்டும், மேலே நின்று பிடிக்கக் கூடாது. நான் கீழே நின்றேன். அம்மா கடைசிப் படியில் நிதானமாக நின்று, தரையைத் தடியால் தட்டிப் பார்த்து, இறங்கி, கழுத்திலிருந்த விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.