கலாத்தியா இலை கருகல்: முதல் பிழை மீட்டரில் இருந்தது

ஏசி அறையில், ஈரக் காற்றை விரும்பும் அலங்காரச் செடியான கலாத்தியாவின் இலை ஓரங்கள் காகிதம்போல் காய்ந்தன. புதுக் குருத்துகள் சுருள் விரியாமல் ஒட்டிக்கொண்டன. மேசைமேல் இருந்த டிஜிட்டல் ஈரப்பதமானி 62% காட்டியதால் காற்றில் ஈரம் போதும், கோளாறு வேரில் என்று நினைத்து மண்ணை மாற்றினேன், உரத்தை நிறுத்தினேன். பலனில்லை. தண்ணீர் தெளித்தால் பத்து நிமிடத்தில் உலர்ந்துவிடும். செடிக்கு அடியில் வைத்த, நீர் ஊற்றிய கூழாங்கல் தட்டும் பெரிதாக உதவவில்லை.

கடைசியில் மீட்டரையே சோதித்தேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். ஈர மணல் பதம்தான் வேண்டும், உப்பு முழுதாகக் கரைந்துவிடக் கூடாது. இதை மீட்டரோடு ஜிப் கவரில் போட்டு இறுக மூடி 12 மணி நேரம் வைத்தால் 75% காட்ட வேண்டும். என்னுடையது 89 காட்டியது, 14 கூடுதல். அதாவது அறையில் உண்மையில் இருந்தது 48 அளவுதான்!

அடுத்து அல்ட்ராசானிக் ஹியூமிடிஃபையர், அதாவது அதிர்வால் நீரைப் பனியாக்கிக் காற்றில் ஈரம் ஏற்றும் கருவி. போர் தண்ணீர் ஊற்றியதும் இலைகளில் வெள்ளைப் பொடி படிந்தது. நீரிலுள்ள உப்புகள் பனியோடு சேர்ந்து பறக்கின்றன. ஆர்ஓ தண்ணீரில் அது நின்றது. ஆனால் ஏற்றிய ஈரத்தையெல்லாம் ஏசி இழுத்து வெளியே சொட்டவிட்டது.

தீர்த்தது பழைய மீன்தொட்டி. செடியைத் தொட்டியோடு உள்ளே இறக்கி, மேலே கண்ணாடி மூடி, இரண்டு விரல் இடைவெளி விட்டேன். திருத்திய கணக்கில் 70%க்கு மேல் நிற்கிறது. முழுதாக மூடினால் பூஞ்சை வரும். நேர் வெயில் பட்டால் செடி வெந்துவிடும். கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது. அடுத்த குருத்து கிழியாமல் விரிந்தது, பெரிய நிம்மதி.