சம்ப்புக்கு பிளீச்சிங் பவுடர்: எவ்வளவு, எப்படி?

மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ, சம்ப்பில் சேறும் பாசியும் இருந்தால் பிளீச்சிங் பவுடரிலுள்ள குளோரின் அவற்றோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான துணைப்பொருட்களை உண்டாக்கும். வடசென்னையில் பலர் உப்பேறிய போர் தண்ணீரையும் அதே சம்ப்பில் விடுகிறார்கள். அந்த உப்பிலுள்ள புரோமைடால் புரோமின் கலந்த வகைகளும் உருவாகும். இதற்குப் பயந்து குளோரினையே நிறுத்திவிடாதீர்கள். வாந்திபேதியும் மஞ்சள்காமாலையும் அதைவிட உடனடி ஆபத்து.

எனவே முதலில் சேறு, பிறகுதான் மருந்து. தண்ணீரை இறைத்துவிட்டு, சுவரைத் தேய்த்து, அடிமண்டியை அள்ளி வெளியே கொட்டுங்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விடாமல் யாரும் இறங்கக் கூடாது, மேலே ஆள் நிற்காமல் இறங்கவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள்.

மீண்டும் தண்ணீர் நிரப்பியதும், நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28 ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடர் 1000 லிட்டருக்கு 6 கிராம். 5000 லிட்டருக்கு 30 கிராம். கைப்பிடி அளவில் போடுவதுதான் பெரிய தவறு. ஈரம்பட்டுக் கட்டிதட்டிய பவுடரில் வீரியம் போயிருக்கும், அதைக் கூட்டிப் போட்டு ஈடுகட்ட முயலாதீர்கள், புதிதாக வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றிக் கலக்குங்கள்.

அரை மணி நேரம் கழித்து டெஸ்ட் கிட்டில் பாருங்கள். லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500. ஒன்றுமே காட்டவில்லையா? மேலும் மேலும் பவுடரைக் கொட்டாதீர்கள். சேறு பாக்கியிருக்கலாம், அல்லது சாக்கடை கசிந்து அம்மோனியா கலந்திருக்கலாம். சாக்கடை வாடை வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல், குழாய் இணைப்பையும் சம்ப்புச் சுவரின் விரிசலையும் பாருங்கள்.

குடிக்கிற தண்ணீரை மூடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக் கொதிக்க விட்டால் குளோரோஃபார்ம் பெரும்பாலும் ஆவியாகிவிடும்; குளோரினால் உண்டாகும் இன்னொரு வகைத் துணைப்பொருளான ஹாலோஅசெட்டிக் அமிலங்கள் அப்படிப் போகாது. கார்பன் ஃபில்டர் இரண்டையுமே குறைக்கும், ஆனால் கார்பன் தீர்ந்ததும் வேலை நின்றுவிடும். ஃபில்டர் தண்ணீரில் குளோரின் வாடை தெரிந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. குளோரின் நீங்கிய தண்ணீரில் கிருமி எளிதில் வளரும், அன்றே குடித்துவிடுங்கள்.

டிரைஹாலோமீத்தேன் அளவை ஆய்வகத்தில் சோதிக்க விரும்பினால் அவர்கள் தரும் சீசாவிலேயே பிடியுங்கள். குளோரினை நிறுத்தும் மருந்து அதில் இருக்கும், கழுவிவிடக் கூடாது. காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். குமிழி இருந்தால் குளோரோஃபார்ம் அதற்குள் தப்பி, அளவு குறைத்துக் காட்டும்.