ஒரே ஓவன், ஒரே மாலை: கேக் முதலில், கோழி அடுத்து, கிரில் கடைசியில்

ஓவனை ஒரு தடவை சூடாக்கினால் போதும். நாலு பேருக்கு இரவுச் சாப்பாடும், சாப்பிட்டு முடித்ததும் வெட்ட ஒரு வாழைப்பழக் கேக்கும் அதே சூட்டில் தயாராகிவிடும். வரிசைதான் முக்கியம். குறைந்த சூடு கேட்கும் கேக் முதலில், 175 டிகிரி செல்சியஸில். அது வெளியே வந்ததும் சூட்டை 220க்கு ஏற்றிக் கோழியும் காய்கறியும். கடைசி நாலு நிமிடம் மேல்கம்பி மட்டும் எரியும் கிரில். சூட்டை ஏற்றப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இறக்குவதென்றால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். தவிர, கேக்கை ஆறிய பிறகுதான் வெட்ட முடியும். கோழியை ஆறவிட்டால் தோல் தொளதொளத்துவிடும்.

7:45க்குச் சாப்பிட உட்கார வேண்டுமானால் கணக்கு இப்படிப் போகும். 5:00 மணிக்குக் கோழிக்கு உப்புத் தடவி வைக்க வேண்டும். 5:10க்கு ஓவனைப் போட வேண்டும். 5:30க்குக் கேக் உள்ளே, 6:30க்கு வெளியே. உடனே காலி டிரேயை உள்ளே வைத்துச் சூட்டை ஏற்ற வேண்டும். 6:45க்குக் கோழி உள்ளே போகும். 7:30க்கு கிரில், அதற்குப் பின் பத்து நிமிட ஓய்வு. நடுவில் கைக்கு வேலையில்லாத நேரம் நிறைய இருக்கிறது.

ஓவனைப் பற்றி முதலில்

'சூடாகிவிட்டது' என்று விளக்கு அணைந்தவுடன் நம்பி எதையும் உள்ளே வைக்காதீர்கள். அப்போது சூடாகியிருப்பது காற்று மட்டும்தான். கதவைத் திறந்தால் அந்தக் காற்று வெளியே போய்விடும். சுவர்கள் இன்னும் சூடேறியிருக்காது. விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் விட்டுவையுங்கள். வீட்டு ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். கம்பித் தட்டில் தொங்கவிடும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

இங்கே சொல்லும் எண்கள் விசிறி இல்லாத ஓவனுக்கு. விசிறி ஓடினால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனானால் கம்பிகள் உணவுக்கு மிக அருகில் இருக்கும். அதில் கோழியின் அளவைப் பாதியாக்கி, நடுத்தட்டில் வைத்து, 30 நிமிடத்திலிருந்தே எட்டிப் பாருங்கள். வெப்பக்காற்று வசதி இல்லாத வெறும் மைக்ரோவேவில் இவை எதுவும் வராது. அது நீரைச் சூடாக்கும், மேல்பரப்பைச் சிவக்க வைக்காது.

கேக்

23க்கு 13 சென்டிமீட்டர் அளவுள்ள நீள டின்னுக்கு: மைதா 220 கிராம், பேக்கிங் சோடா 1 டீஸ்பூன் (தலைதட்டியது), உப்பு அரை டீஸ்பூன், நன்கு கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம் மசித்தது 330 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2, எண்ணெய் 100 மில்லி, தயிர் 4 டேபிள்ஸ்பூன்.

மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்து ஒரு பாத்திரத்தில் வையுங்கள். இன்னொன்றில் பழம், சர்க்கரை, முட்டை, எண்ணெய், தயிர் எல்லாவற்றையும் கரண்டியால் நன்றாக அடியுங்கள். இது வரைக்கும் எவ்வளவு அடித்தாலும் கெடாது. மாவைக் கொட்டிய பிறகுதான் கை அடக்கம் வேண்டும். அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிப் பதினைந்து தடவை கலந்தால் போதும். அங்கங்கே மாவுக் கட்டி தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், வேகும்போது கரைந்துவிடும். அதையும் கரைத்தே தீருவேன் என்று அடித்தால் மைதாவின் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) இறுகி, கேக் ரப்பர் மாதிரி ஆகும். உள்ளே நீளநீளமாக ஓட்டைகள் விழும்.

சோடா ஈரத்தையும் தயிரின் புளிப்பையும் தொட்ட நொடியிலேயே வாயு விட ஆரம்பித்துவிடும். ஆகவே கலந்த ஐந்து நிமிடத்துக்குள் டின் ஓவனுக்குள் போய்விட வேண்டும். ஓவன் சூடாவதற்கு முன்பே மாவைக் கலந்துவைப்பதுதான் கேக் உப்பாததற்குப் பெரும்பாலும் காரணம். பழத்தை நிறுத்துப் போடுவதும் முக்கியம். 'மூன்று பழம்' என்று போட்டால் பழத்தின் பருமனைப் பொறுத்து 250 கிராமும் வரும், 450 கிராமும் வரும். 400ஐத் தாண்டினால் அடிப்பக்கம் களி மாதிரி நிற்கும்.

பட்டர் பேப்பர் விரித்த டின்னில் ஊற்றி நடுத்தட்டில் வையுங்கள். 55 முதல் 60 நிமிடம். முதல் 40 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். அதற்குள் நடுப்பகுதி கெட்டிப்பட்டிருக்காது, குளிர்காற்று பட்டால் அமுங்கிவிடும். 40 நிமிடத்தில் மேலே அதிகமாகச் சிவந்திருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். மேலே நீளவாக்கில் வெடிப்பது குறையல்ல. மேல்பகுதி முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கும் மாவு இன்னும் எழும்புவதால் வருவது. நடுவில் குச்சி குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது, ஓரிரு துகள் ஒட்டலாம். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவே 95 டிகிரி. டின்னில் பத்து நிமிடம் விட்டு, பிறகு வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டால் ஆவி வெளியேற வழியின்றி அடி நனைந்துபோகும்.

கோழியும் காய்கறியும்

தோலுடன், எலும்புடன் தொடைத் துண்டுகள் ஆறு, மொத்தம் ஒரு கிலோ. உருளைக்கிழங்கு 600 கிராம், கேரட் 250 கிராம், பெரிய வெங்காயம் 2, உரிக்காத பூண்டுப் பல் 8, எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன். தூள் உப்பு 12 கிராம், அதாவது 2 டீஸ்பூன். மிளகுத்தூள் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், எலுமிச்சை 1.

நெஞ்சுக்கறியை விட்டுத் தொடையை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெஞ்சுக்கறி 74 டிகிரியைத் தாண்டினால் நிமிடத்துக்கு நிமிடம் வறண்டு போகும். தொடையில் கொலாஜன் (தசையைப் பிணைக்கும் நார்ப்புரதம்) அதிகம். அது 80 முதல் 85 டிகிரியில் நன்றாக இளகி, மெத்தென்ற ஜெலட்டினாக மாறுகிறது. ஆகவே பத்து நிமிடம் கூடுதலாக இருந்தாலும் தொடை மன்னித்துவிடும். குழந்தை அழைத்தது, போன் வந்தது என்று கவனம் சிதறும் வீட்டுச் சமையலுக்கு அதுதான் தோது.

பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் தண்ணீரோடு கிருமிகளும் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் பாத்திரம் எல்லாவற்றுக்கும் போகும். அவற்றைக் கொல்வது சூடுதான், தண்ணீர் அல்ல. காகிதத் துண்டால் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். உப்பை எல்லாப் பக்கமும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் அடித்தட்டில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் நீர் கோத்து நிற்கும். பயப்பட வேண்டாம், முக்கால் மணி நேரத்தில் அந்த உப்புநீரில் பெரும்பகுதி கறிக்குள்ளேயே திரும்பிவிடும். 15 நிமிடத்தில் எடுத்துச் சமைப்பதுதான் தப்பான நேரம்: நீர் வெளியே வந்திருக்கும், உள்ளே போயிருக்காது. நேரம் இல்லையென்றால் ஓவனுக்குள் வைக்கும் நொடியில் உப்பிடுங்கள்.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மேல்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மணமும் செந்நிறமும் தரும் மாற்றம் வேகமாக நடக்கக் கிட்டத்தட்ட 140 டிகிரி வேண்டும். 1912ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்லார்டின் பெயரால் அதற்கு மெய்லார்ட் வினை என்று பெயர். ஓவனில் வைத்த கோழி வெளுத்துப்போய் வருவதற்கும், உருளைக்கிழங்கு மொறுமொறுக்காமல் அவித்த மாதிரி வருவதற்கும் காரணம் ஒன்றே: ஈரம்.

அதனால்தான் உருளைக்கிழங்குக்குத் தனி வேலை. 6:10 வாக்கில் இரண்டு லிட்டர் தண்ணீரில் 1 டேபிள்ஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் பேக்கிங் சோடாவும் போட்டுக் கொதிக்க விடுங்கள். மூன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிய கிழங்கைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து எட்டு நிமிடம். சோடாவின் காரத்தன்மையில் கிழங்கின் வெளிப்புறம் மட்டும் குழைந்து சொரசொரப்பாகும். வடித்து, அதே சூடான பாத்திரத்தில் திரும்பக் கொட்டி, மூடியில்லாமல் பத்து நிமிடம் ஆவி போக விடுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பாத்திரத்தோடு குலுக்கினால் ஓரங்கள் உடைந்து மாவுப் பூச்சு போல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சுதான் பின்னால் மொறுமொறுப்பாகிறது. சோடாவை ஒரு டீஸ்பூனாக ஏற்றினால் கிழங்கு சோப்பு வாசம் அடிக்கும்.

6:45க்குக் காலியாகச் சூடேறிய டிரேயை வெளியே எடுங்கள். மிளகும் மிளகாய்த்தூளும் மீதி எண்ணெயில் குழைத்துத் தடவிய கோழியைத் தோல் மேலே பார்த்தபடி வையுங்கள். சுற்றிலும் உருளைக்கிழங்கும் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிய கேரட்டும். 'ஸ்ஸ்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் டிரே சூடாகவில்லை. துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். நெருக்கினால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று அவியும். இடம் போதவில்லையென்றால் இரண்டு டிரேயாகப் பிரித்து, பாதி நேரத்தில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் மாற்றுங்கள். வெங்காயம் (எட்டாகப் பிளந்தது), பூண்டு இரண்டையும் 15 நிமிடம் கழித்துப் போடுங்கள். அவற்றில் சர்க்கரை அதிகம், முதலிலேயே போட்டால் கருகும். அரைத்த பூண்டைக் கோழிமேல் தடவுவது இந்தச் சூட்டுக்கு ஒத்துவராது, கருகிக் கசக்கும்.

தோல் நீக்கிய கோழிதான் வேண்டுமென்றால், மேலே ஒரு கவசம் தேவை. நீர் வடித்த கெட்டித் தயிர் 4 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், அதே தூள்கள், மெல்லியதாகத் தடவுங்கள். வழியும் அளவுக்குப் பூசினால் டிரேயில் குளம் கட்டும். ஐந்து நிமிடம் முன்னதாகவே வெந்துவிடும்.

40 நிமிடத்தில் மிகப் பருமனான துண்டில், எலும்பைத் தொடாமல், தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 74க்குக் கீழே இருந்தால் பாதுகாப்பில்லை. 80ஐ எட்டினால் சுவை. 'சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது' என்ற கணக்கை நம்பாதீர்கள். முழுதாக வெந்த பிறகும் எலும்போரம் மஜ்ஜையின் நிறத்தால் இளஞ்சிவப்பாக இருக்கலாம். வேகாமலே சாறு தெளிவாக வருவதும் உண்டு.

கிரில்

டிரேயை மேல்கம்பியிலிருந்து 12 முதல் 15 சென்டிமீட்டர் கீழே வைத்து, கிரிலை முழுச் சூட்டில் போடுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், அதுவும் கண் எடுக்காமல். மூன்றாம் நிமிடம் தங்கமாக இருந்தது ஐந்தாம் நிமிடம் கரியாகலாம். தேன் தடவ ஆசைப்பட்டால் இப்போதுதான் நேரம், ஒரு டேபிள்ஸ்பூன். 220 டிகிரியில் முக்கால் மணி நேரம் தேன் தாங்காது. கிரிலுக்கு அடியில் பட்டர் பேப்பரும் கண்ணாடிப் பாத்திரமும் கூடாது. முன்னது தீப்பிடிக்கும், பின்னது வெடிக்கலாம். டிரேயில் கொழுப்பு அதிகம் தேங்கியிருந்தால் கிரில் போடுவதற்கு முன் சாய்த்துக் கரண்டியால் வடித்துவிடுங்கள். வீடு புகைவதற்கு அந்தக் கொழுப்புதான் காரணம்.

வெளியே எடுத்ததும் காய்கறியை முதலில் தட்டுக்கு மாற்றுங்கள். கோழியையும் தனித்தட்டில் பத்து நிமிடம் விடுங்கள். மூடினால் தோல் நனையும், மூடாதீர்கள். டிரேயில் மூன்று டேபிள்ஸ்பூன் வெந்நீர் ஊற்றி, ஒட்டியிருக்கும் செம்பூச்சை மரக்கரண்டியால் சுரண்டி, பாதி எலுமிச்சை பிழிந்தால் குழம்புக்குக் குழம்பு. கரிந்த இடத்தைச் சுரண்ட வேண்டாம், எல்லாமே கசந்துவிடும்.

மீன் வைப்பதானால் நேரத்தைத் தலைகீழாக யோசியுங்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் 30 நிமிடம் தனியே வேகட்டும். இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள மீன் துண்டு கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மட்டும். நடுவே 63 டிகிரி வந்தால் எடுத்துவிடலாம், கிரில் தேவையில்லை. அசைவம் வேண்டாமென்றால் ஒரு காலிஃபிளவரைப் பெரிய பூக்களாகப் பிரித்து, வேகவைத்துத் துணியில் ஒற்றி ஈரம் போக்கிய கொண்டைக்கடலை இரண்டு கப் சேர்த்து, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் புரட்டி, 220ல் 25 நிமிடம். கடலையின் தோல் வெடித்துக் கலகலவென்று உருளும்போது எடுங்கள்.

மிச்சக் கோழியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சமைக்கும் இடத்தில் வெக்கை 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மறுபடி சூடாக்க 180 டிகிரி ஓவனில் பதினைந்து நிமிடம். உள்ளே 74 வர வேண்டும். கேக்கைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் தனியே சுற்றி ஃப்ரீஸரில் வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். வெளியே வைத்தால், மூடிய டப்பாவில் இரண்டு நாள். பழத்தின் ஈரம் காரணமாக அதற்கு மேல் பூஞ்சை பிடித்துவிடும்.