வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கும் முன்

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்காக்கள் அடிக்கடி கேட்பது, "தம்பி, அந்த கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடு." ஒரே ஆள் மாதக்கணக்கில் அதையே கேட்டால் நான் கொடுப்பதில்லை. வயிற்றில் எரிச்சலும் புண்ணும் உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கு டெஸ்ட் எடுத்தாச்சா என்று கேட்பேன்.

இந்தக் கிருமி அமிலத்துக்கு அசராது. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்தில் வருடக்கணக்கில் குடியிருக்கும். இதில் சில வகைகள் காக்-ஏ என்ற புரதத்தை ஊசி போடுவதுபோல நம் செல்லுக்குள் செலுத்திவிடும். செல்லின் வளர்ச்சிக் கட்டுப்பாடு குலையும். கூடவே புண்பட்ட இடத்தில் ஓயாத அழற்சி, அதனால் டிஎன்ஏ அறுபடுவது. அறுந்ததைச் செல்லே ஒட்டிக்கொள்ளும்தான், ஆனால் திரும்பத் திரும்ப ஒட்டும்போது பிழை தங்கிவிடுகிறது. புற்றுநோய்க்கு வழி அங்கேதான் திறக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. பயந்துவிடாதீர்கள், கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனாலும் ஒழிக்க முடிந்த ஒன்றை ஏன் உள்ளே வைத்திருக்க வேண்டும்?

மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, சும்மாவே எடை குறைந்தாலோ, சோறு தொண்டையில் அடைத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி தேவைப்படும்.

மற்றவர்களுக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும் என்று டாக்டர் சொல்லலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை டெஸ்ட்டுக்கு 2 வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கை 4 வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள். மூச்சுப் பரிசோதனைக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும், காலை டீ கூடக் கூடாது. குளிரில் அது கஷ்டம்தான். கோயம்புத்தூர் வரை போகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுகளில் வெறும் வயிறு குமட்டும். அதனால் முந்தின நாள் ராத்திரியே கீழே போய்த் தங்க முடிந்தால் நல்லது.

கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு ரெண்டு ஆன்டிபயாடிக்காவது இருக்கும். வாயில் தகரம் கடித்த மாதிரி கசக்கும். மருந்தில் பிஸ்மத் என்ற உப்பு இருந்தால் மலம் கறுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் சாராயம் தொடக் கூடாது. எரிச்சல் அடங்கியதும் பாதியில் நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

முடித்து 4 வாரமாவது கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். அதுவரை மருந்துச் சீட்டையும் காலி அட்டைகளையும் பத்திரப்படுத்துங்கள். கிருமி மிஞ்சியிருந்தால் டாக்டர் வேறு ஆன்டிபயாடிக் எழுதுவார். முன்பு எதைச் சாப்பிட்டீர்கள் என்பது அப்போது அவருக்குத் தெரிய வேண்டும்.