கட்டணம் செலுத்திய விரைவு வரிசை மூடப்பட்டால்: பணத்தையும் கைரேகையையும் காக்கும் வழிகள்

அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனைக்கென விரைவு வரிசைகளை நடத்திவந்த கிளியர், பசிபிக் நேரப்படி 2009 ஜூன் 22 இரவு 11 மணியுடன் தன் சேவை முடிகிறது என்று உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அதை நடத்திய வெரிஃபைட் ஐடென்டிட்டி பாஸ் என்ற தாய் நிறுவனம், தனக்கு முதன்மையாகக் கடன் கொடுத்தவருடன் உடன்பாட்டுக்கு வர முடியவில்லை என்று காரணம் கூறியது. மறுநாள் காலை ஏறத்தாழ 20 விமான நிலையங்களில் அந்த வரிசைகளை நடத்த ஆளில்லை. ஆண்டுக் கட்டணம் அப்போது 199 டாலர்; இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டியவர்களும் இருந்தார்கள். தற்போதைய நிதி நிலையில் எவருக்கும் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று நிறுவனம் அறிவித்துவிட்டது.

அமெரிக்காவில் அடிக்கடி விமானம் ஏறுகிறவர்களுக்காக, இத்தகைய சேவை ஒன்று திடீரென நின்றுபோனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அவசரப்படாமல் செய்யலாம் என்பதை அந்த நிகழ்வை முன்வைத்து இங்கே விளக்குகிறேன். சொல்லப்படும் சட்டங்கள் அமெரிக்கச் சட்டங்கள். கிளியர் என்ற பெயரில் இன்று இயங்குவது, பழைய நிறுவனத்தின் சொத்துகளை 2010-இல் வாங்கிய வேறு உரிமையாளர்களின் நிறுவனம். அது தடுமாறுகிறது என்று இங்கே பொருள் கொள்ள வேண்டாம்.

உண்மையில் எதற்குப் பணம் கட்டினீர்கள்

ஸ்டீவன் பிரில் என்ற பத்திரிகைத் தொழிலதிபர் 2003-இல் கிளியரின் தாய் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-இல் ஆர்லாண்டோ விமான நிலையத்தில் முதல் வரிசை திறக்கப்பட்டது. அரசு பின்னணியைச் சரிபார்த்து நம்பிக்கைக்குரியவர் என்று ஏற்றுக்கொண்ட பயணி, காலணியைக் கழற்றாமலும் மடிக்கணினியை வெளியே எடுக்காமலும் செல்லலாம் என்பதே தொடக்கத்தில் எழுந்த எதிர்பார்ப்பு. அது நிறைவேறவில்லை. காலணியைப் போட்டபடியே சோதிக்கும் கருவியைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏ ஏற்றுக்கொள்ளவில்லை. 2008 ஜூலையில் அந்த நிர்வாகம், இத்திட்டத்தில் சேர்வோருக்குத் தான் செய்துவந்த பின்னணிச் சரிபார்ப்பையே நிறுத்திக்கொண்டது. அதன்பின் உறுப்பினருக்கு மிஞ்சியது, கைரேகையாலோ கருவிழியாலோ அடையாளத்தை உறுதிசெய்து கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் வசதி மட்டும்தான். சோதனை எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் பொருளாதார மந்தம் வந்து அலுவல் பயணங்கள் குறைந்தபோது, அந்த வசதிக்கு ஆண்டுதோறும் 199 டாலர் தருவதற்கான காரணமும் வலுவிழந்தது.

ஆகவே உங்கள் சந்தா எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை விரைவாக்கும் டிஎஸ்ஏ பிரீசெக், வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது குடிவரவுச் சோதனையை விரைவாக்கும் குளோபல் என்ட்ரி ஆகியவை அரசின் திட்டங்கள். அவற்றில் சேரும்போது கிடைக்கும் பயணி எண்ணை அரசே தருகிறது. விண்ணப்பத்தை வாங்கி அனுப்பிய தனியார் நிறுவனம் நாளை மூடப்பட்டாலும் அந்த எண் ஐந்து ஆண்டுக் காலம் முடியும் வரை செல்லும். தனியார் விரைவு வரிசைச் சந்தா அப்படியல்ல. நிறுவனம் நிற்கும் நாளில் அதுவும் நின்றுபோகும். இரண்டையும் ஒரே நிறுவனத்தின் வழியாக வாங்கியவர்கள் பதற்றத்தில் இரண்டுமே போய்விட்டதாக நினைத்துவிடக் கூடாது. விமான நிறுவனத்தின் முன்பதிவில் உங்கள் பயணி எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைய பயணத்துக்கு வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்த எண் இல்லாதவர்கள் பொது வரிசைக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்பினால் போதும்.

முதல் வாரம்: பணம்

சேவை நின்ற அன்றே மூன்று சான்றுகளைச் சேமித்து வையுங்கள்: நிறுவனத்தின் அறிவிப்பு, நீங்கள் கட்டணம் செலுத்திய ரசீது, உறுப்பினர் காலம் எப்போது முடிகிறது என்று காட்டும் பக்கம். இணையதளம் எத்தனை நாள் இயங்கும் என்று சொல்ல முடியாது. எனவே அந்தப் பக்கங்களைப் படமெடுத்தோ அச்சிட்டோ வைத்துக்கொள்வது நல்லது. பிறகு தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்துங்கள். அதற்கு நிறுவனத்தின் தளம் ஒத்துழைக்காவிட்டால், அந்த நிறுவனத்தின் பெயரில் வரும் பற்றுகளை ஏற்க வேண்டாம் என்று வங்கிக்கே தெரிவித்துவிடலாம்.

கடன் அட்டையில் கட்டியவருக்கு நல்ல வழி உண்டு. ஒப்புக்கொண்ட சேவை வழங்கப்படாவிட்டால், அந்தக் கட்டணம் முதலில் இடம்பெற்ற கணக்குப் பட்டியல் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையை நியாயமான கடன் பட்டியல் சட்டம் அளிக்கிறது. கடிதம் கிடைத்த 30 நாளில் வங்கி அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதிகம் போனால் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைத் தவணை கட்டும் முகவரிக்கு அனுப்பாமல், பட்டியலின் பின்பக்கத்தில் விசாரணைகளுக்கென்று குறிப்பிட்டிருக்கும் முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது பலர் தவறவிடுகிற செய்தி.

ஆண்டுச் சந்தாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் கட்டிய பணத்துக்கு அந்த 60 நாள் எப்போதோ கடந்துவிட்டிருக்கும். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை அமைப்புகளுக்குத் தனி விதிகள் உண்டு. முன்பணம் வாங்கிய சேவை இடையில் நின்றுபோனால், அது நின்ற நாளிலிருந்து காலக்கெடுவைக் கணக்கிட அவை பொதுவாக இடம் தருகின்றன. ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கிடும் ஒரு மேல் எல்லையும் உண்டு. ஆகவே பல ஆண்டுச் சந்தா எடுத்தவர்கள்தான் மற்ற எவரையும்விட விரைந்து செயல்பட வேண்டும். வங்கியை அழைத்து, சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கோருகிறேன், சேவை வழங்கப்படவில்லை என்பதே காரணம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். "நிறுவனம் மோசம் செய்துவிட்டது" என்ற பொதுவான புகார், கோப்பில் வேறு தலைப்பில் போய் விழுந்துவிடக் கூடும்.

கேட்கும் தொகையைக் கணக்கிட்டுக் கேளுங்கள். 199 டாலர் கட்டி ஐந்து மாதம் பயன்படுத்தியிருந்தால், மிச்சமுள்ள ஏழு மாதத்துக்கான பங்கு சுமார் 116 டாலர். முழுத் தொகையையும் கேட்டால் வங்கி கோரிக்கையைத் திருப்பி அனுப்ப நாமே வழி செய்து கொடுத்தது போலாகும். சில உயர்நிலைக் கடன் அட்டைகள் இத்தகைய சந்தாவைத் தாமே ஈடுசெய்கின்றன. அப்படி ஏற்கெனவே திரும்பக் கிடைத்த பணத்தை மறுபடியும் கோருவது முறையன்று. டெபிட் அட்டையில் கட்டியவர்களுக்கு மேற்சொன்ன சட்டப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் அட்டை அமைப்பின் விதிகளை மட்டுமே நம்ப வேண்டும். காசோலை எழுதிக் கொடுத்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

திவால் நீதிமன்றத்துக்குப் போனால்

நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரினால், முன்பணம் கட்டிய நீங்கள் பிணையமில்லாமல் கடன் கொடுத்தவர் ஆகிறீர்கள். பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பிறகே மற்றவர்களுக்கு முறை வரும். ஆயினும் அமெரிக்கத் திவால் சட்டத்தின் 507 ஆம் பிரிவு, சொந்த அல்லது குடும்பப் பயன்பாட்டுக்காக முன்பணம் கட்டிப் பொருளோ சேவையோ பெறாத தனிநபருக்கு, ஒரு வரம்புக்கு உட்பட்டு, சாதாரணக் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் இடம் கொடுக்கிறது. அந்த வரம்பு ஆயிரக்கணக்கான டாலர் என்பதால் இவ்வகைச் சந்தா முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அலுவல் பயணத்துக்காக நிறுவனச் செலவில் எடுத்த சந்தாவுக்கு இந்தச் சலுகை பொருந்துவது கடினம்.

இதற்கு 410 என்ற எண் கொண்ட கோரிக்கைப் படிவத்தை நிரப்பி, நீதிமன்றம் குறிக்கும் கடைசி நாளுக்குள் தர வேண்டும். படிவத்தில் முன்னுரிமை கோரும் கட்டத்தில் குறியிட மறந்தால் நீங்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுவீர்கள். இதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சல் எதுவாயினும் மோசடி என்றே கொள்ளுங்கள். வங்கி சார்ஜ்பேக்கில் பணம் கொடுத்துவிட்டால் இந்தப் படிவமே தேவைப்படாது. மூடப்படும் நிறுவனம் உடனே திவாலுக்குப் போகும் என்ற நிச்சயமும் இல்லை. ஆகவே நீதிமன்ற அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்து வங்கியின் காலக்கெடுவை நழுவவிடாதீர்கள்.

கைரேகையும் கருவிழியும்

பணம் போனால் 199 டாலரோடு முடிந்தது. உடலின் அடையாளங்கள் அப்படியல்ல. கடவுச்சொல்லை மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது. அதனால் என் கருத்தில், கிளியர் வீழ்ச்சியில் உண்மையான கவலை தரவுகளைப் பற்றியதே.

அந்தக் கவலைக்கு முன்கதையும் உண்டு. 2008 ஜூலை இறுதியில், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பூட்டிய அலுவலகத்தில் இருந்த நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்று காணாமல்போனது. அதில் சுமார் 33,000 விண்ணப்பதாரர்களின் பெயர், முகவரி, பிறந்த நாள் போன்ற விவரங்கள் மறைகுறியாக்கம் செய்யப்படாமல் இருந்தன. கைரேகைப் பதிவுகள் அதில் இல்லை. சில நாளில் அது அதே அலுவலகத்திலேயே கிடைத்தது என்றாலும், டிஎஸ்ஏ புதியவர்களைச் சேர்ப்பதைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பாதுகாப்பையே விற்கும் நிறுவனம் அடிப்படையான ஒன்றில் கோட்டைவிட்டது.

மறு ஆண்டு மூடப்பட்டபோது, விமான நிலையக் கருவிகளின் வட்டுகளை அழித்துவிடுவதாக நிறுவனம் கூறியது. அதே மூச்சில், டிஎஸ்ஏ அனுமதித்த வேறொரு விரைவு வரிசைத் திட்டத்துக்கு மட்டும் உறுப்பினர் தரவு மாற்றப்படலாம் என்றும் சொன்னது. அதாவது, தரவு விற்கக்கூடிய சொத்தாகவே இருந்தது. உறுப்பினர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள்; அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் ஃபெடரல் நீதிமன்றம் தரவுகளை விற்பதற்கும் மாற்றுவதற்கும் தடை விதித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சேவை நின்றதும் நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையின் அன்றைய வடிவத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். திவால் சட்டத்தில் 2005-இல் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, உங்கள் விவரங்களைப் பிறருக்குத் தரமாட்டோம் என்று கொள்கையில் வாக்களித்த நிறுவனம் அவற்றை அந்தக் கொள்கைக்கு மாறாக விற்க முயன்றால், நீதிமன்றம் நுகர்வோர் தனியுரிமை நடுவர் ஒருவரை அமர்த்தி ஆராய வேண்டும். 2025-இல் மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ திவாலுக்குப் போனபோதும் இத்தகைய நடுவர் அமர்த்தப்பட்டார். கொள்கையில் என்ன எழுதியிருந்தது என்பதைக் காட்டும் ஆதாரம் கையில் இருந்தால் உங்கள் ஆட்சேபத்துக்கு எடை கூடும்.

அடுத்து, தரவை அழிக்கக் கோரி எழுத்து மூலம் கேளுங்கள். கலிபோர்னியாவில் வசிப்பவருக்கு இது சட்ட உரிமை. அச்சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் பொதுவாக 45 நாளில் பதில் தர வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் 2008 ஆம் ஆண்டு உயிரியல் அடையாளச் சட்டம், சேகரித்த நோக்கம் நிறைவேறியதும், அல்லது நீங்கள் நிறுவனத்துடன் கடைசியாகத் தொடர்பு கொண்டதிலிருந்து மூன்று ஆண்டுக்குள், எது முந்தியோ அதற்குள் அவற்றை அழிக்கச் சொல்கிறது. வேறு மாநிலத்தவரும் கேட்கலாம். பதில் வராவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றையும் கொடுத்திருப்பீர்களானால், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும், உங்கள் பெயரில் பிறர் கடன் வாங்காதபடி, கடன் விவரத்தை முடக்கி வையுங்கள். 2018 செப்டம்பர் முதல் அது நாடு முழுவதும் இலவசம்.

அடுத்த சந்தாவுக்கு முன்

ஓராண்டுக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். பல ஆண்டுக்கான தள்ளுபடி, நிறுவனத்துக்கு நீங்கள் தரும் வட்டியில்லாக் கடனுக்கான சிறு கூலிதான். அரசின் பிரீசெக் ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 80 டாலரில் கிடைக்கும்போது, தனியார் வரிசை உங்கள் ஊர் விமான நிலையத்தில் உண்மையிலேயே எவ்வளவு நேரம் மிச்சப்படுத்துகிறது என்று நெரிசல் நேரத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அமெரிக்காவில் 2025 ஜூலையில் காலணி கழற்றும் விதியே பொதுவாக நீக்கப்பட்டுவிட்டது. ஒரு காலத்தில் காசுக்கு விற்க நினைத்த சலுகை இன்று எல்லோருக்கும் சும்மா கிடைக்கிறது.

மூடப்பட்ட சேவையை வேறொருவர் வாங்கினால், பழைய உறுப்பினராகிய உங்களுக்கும் அழைப்பு வரக் கூடும். 2010-இல் அல்கிளியர் என்ற நிறுவனம் கிளியரின் சொத்துகளை வாங்கி, ஆர்லாண்டோவிலும் டென்வரிலும் சேவையை மீண்டும் தொடங்கியபோது, பழைய உறுப்பினர்களின் மீதமுள்ள காலத்தை மதிப்பதாக அறிவித்தது. அத்தகைய அழைப்பை ஏற்பதற்கு முன், மீதக் காலத்துக்கு ஈடாகப் பழைய தரவை மாற்ற ஒப்புதல் கேட்கிறார்களா, அந்தக் காலம் முடிந்ததும் உங்கள் அட்டையில் தானாகப் பணம் எடுப்பார்களா என்ற இரண்டையும் விதிமுறைகளில் தேடிப் படியுங்கள். சார்ஜ்பேக்கில் பணம் பெற்றவர் அந்த மீதக் காலத்தையும் வாங்கிக்கொள்ளலாகாது. வங்கிக்குத் தெரிவித்துவிட்டு, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.