இளையோர் நாவலில் உவமை: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கடந்த சில மாதங்களாக, யாழ்ப்பாணத்தில் இளையோருக்கு நாவல் எழுத முற்பட்டிருக்கும் நான்கு பேரின் கையெழுத்துப் பிரதிகளை வாசித்து வருகிறேன். நான்கும் பாடசாலையில் சக மாணவர்களால் துன்புறுத்தப்படும் பிள்ளைகளைப் பற்றியவை. 15 ஆண்டுகளுக்கு முன்னர் நான் செய்த பிழைகள் நான்கிலும் ஏறத்தாழ அதே வரிசையில் இருந்தன. தேய்ந்த உவமைகளையும், ஒரே பத்தியில் ஐந்து உவமைகளை அடுக்குவதையும் எந்தத் தமிழ் ஆசிரியரும் சுட்டிக்காட்டுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நடந்ததை உவமையால் மூடுதல்

என் முதல் நாவலில் தரம் 9 மாணவன் ஒருவனை நால்வர் சூழ்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதை இப்படி எழுதியிருந்தேன்: ‘பருந்துகள் வட்டமிட்டன, சொல்லம்புகள் பாய்ந்தன, சிறகொடிந்த புறாவாய் அவன் சுருண்டான்.’ எழுதிய இரவில் நாவலின் மிகச் சிறந்த பகுதி அதுவே என்று நம்பினேன். சொந்தப் பணத்தில் 500 பிரதிகள் அச்சிட்டேன். வெளியீடு முடிந்த மறுவாரம், அயல்வீட்டில் இருந்த 14 வயதுப் பிள்ளை புத்தகத்தோடு வந்து, “மாமா, அவங்கள் அவனை உண்மையா என்ன செய்தவங்கள்?” என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. என்ன சொன்னார்கள், யார் முதலில் கைவைத்தான், எதைப் பறித்தார்கள் என்று நானே யோசித்திருக்கவில்லை. உவமை கிடைத்தவுடன் யோசிப்பதை நிறுத்தியிருந்தேன். எஞ்சிய பிரதிகளை விற்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பிழையைக் காணும்போது இன்றும் எனக்குச் சினம் எழுகிறது. துன்புறுத்தப்படும் பிள்ளையால் பெரும்பாலும் நடந்ததை வீட்டில் சொல்ல முடிவதில்லை. அதற்கான சொல்லைத் தேடித்தான் அப்பிள்ளை ஒரு நாவலைத் திறக்கக்கூடும். ‘பகிடிவதை’ (ராகிங்) என்ற நம் சொல்லே வதைக்கு முன்னால் பகிடியை, அதாவது கேலியை, வைத்திருக்கிறது. கல்வி நிறுவனங்களில் அதைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டுச் சட்டமோ அச்சுறுத்தல், தடுத்து நிறுத்தல், அடைத்து வைத்தல், பணயமாகப் பிடித்தல் என்று செயல்களைப் பெயர்சொல்லி எண்ணுகிறது. சட்டம் சொல்லும் அளவுக்காவது நாவல் சொல்ல வேண்டாமா?

விலங்குருவகத்தில் இன்னொரு தீங்கும் உண்டு. இரையைப் பிடிப்பது பருந்தின் இயல்பு. அதற்குக் குற்றம் இல்லை. வகுப்பறையில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர் வெளியே போகும் நேரம் பார்த்துக் காத்திருப்பவன் தெரிந்தே செய்கிறான். இப்போது நான் வாசிக்கும் பிரதிகளில் பருந்துக்குப் பதிலாக ஓநாய்கள் வருகின்றன. இலங்கைக் காடுகளில் ஓநாயே கிடையாது.

திருத்திய பதிப்பில் அந்த இடம் இவ்வாறு மாறியது: ‘இடைவேளையில் அவனுடைய ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டார்கள். மற்றதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார்கள்.’ இங்கே ஓர் உவமையும் இல்லை. அவன் வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் ஒன்றை வைத்தேன். நடந்தது அதற்குள் தெளிவாகிவிட்டதால் அது எதையும் மறைக்கவில்லை.

பட்டப்பெயரோடு கதைசொல்லியும் சேர்ந்துகொள்ளுதல்

வகுப்பறையில் முதல் உருவகத்தைச் செய்பவன் துன்புறுத்துபவனே. ‘பல்லி போல இருக்கிறாய்’ என்பது உவமை. ‘போல’ உதிர்ந்து ‘பல்லி’ என்றே கூப்பிடத் தொடங்கும்போது அது உருவகமாகி, பிள்ளையின் சொந்தப் பெயர் அதற்குள் மறைந்துபோகிறது. பட்டம் தெளித்தல் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு பிரதியில், அவ்வாறு அழைக்கப்படும் சிறுவன் ‘சுவரோடு ஒட்டி நகர்ந்தான்’ என்று கதைசொல்லியும் எழுதுகிறார். எழுதியவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு பிள்ளை வாசித்தால் கட்டாயம் கவனிக்கும்.

அந்நியப் பருவங்கள்

உவமைக்குப் பனிப்பொழிவு வேண்டாம், நம் ஊரின் சோளகக் காற்று கிளப்பும் புழுதி போதும்.

வடிவிலும் நிறத்திலும் தங்கிவிடுதல்

தொல்காப்பிய உவமவியலின் முதல் நூற்பா, வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடியாக உவமை தோன்றும் என்கிறது. புதிதாக எழுதுவோர் மெய்யையும் உருவையும், அதாவது வடிவத்தையும் நிறத்தையும், மட்டுமே தேடுகிறார்கள்: அழுத கண் சிவந்த பூ, குனிந்த உடல் வளைந்த வில். துன்புறுத்தலோ நாளுக்கு நாள் சேர்ந்து வேலை செய்வது. ஆகவே அதற்கு வினையும் பயனுமே, அதாவது செயலும் அதன் விளைவுமே, பொருந்தும். நம் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு மெல்ல உவராகும். ‘மிஞ்சி இறைத்த கிணறுபோல, தங்கையோடு அவன் பேசும் பேச்சிலும் உவர் ஏறியது’ என்று எழுதினால், கெடுதி வெளியிலிருந்து வந்தது என்பதும், அது ஒரே நாளில் வந்ததல்ல என்பதும் விளக்கமின்றியே வாசகருக்குச் சேரும்.

தாயின் வாயில் கவிதை வைத்தல்

அடுப்படியில் நிற்கும் தாய், “ஏன்ரா முகம் வாடிக் கிடக்குது?” என்று கேட்டால் போதும்.