மேல்நாட்டில் வளர்ந்த உறவினருக்குச் சீனர் நம்பிக்கைகளைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கில் பிறந்த தமிழர்களான நமக்குச் சீனர்களின் நம்பிக்கைகளை யாரும் உட்காரவைத்துக் கற்பித்ததில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தே பழகிவிட்டோம். லண்டனிலோ மெல்பர்னிலோ வளர்ந்த மருமகனும் பேரப்பிள்ளைகளும் வந்து தங்கும்போதுதான் அவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது மெய்யா பொய்யா என்ற வாதத்தில் இறங்காமல், எதிரில் இருப்பவரின் மனம் எதனால் புண்படும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் உறை. நல்ல காரியத்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட்டி 51, 101 என்று மொய் வைப்பது நம் வழக்கம். சீனர்களோ திருமணத்துக்கு அங்பாவ் எனும் சிவப்பு உறையில் இரட்டைப்படைத் தொகையையும், துக்க வீட்டுக்கு வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகையையும் கொடுப்பார்கள். ஆகவே மருமகன் சீன நண்பரின் திருமண விருந்துக்குப் புறப்படும்போது, நம் வீட்டில் கற்ற பழக்கத்தில் அந்த ஒற்றை வெள்ளியைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். (உண்மையில், இதில் அவரைவிட நமக்கே கை தவறும்.) இரட்டைப்படை என்றாலும் நான்கு கூடாது, ஏனெனில் அதன் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்தது. சுவர்க்கடிகாரத்தைப் பரிசளிக்கக் கூடாது. சோற்றுக் கிண்ணத்தில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. சீனப் புத்தாண்டன்று வீடு கூட்டக் கூடாது. இவற்றை ஒருமுறை சொன்னாலே போதும்.

ஆவிகளின் மாதமாகக் கருதப்படும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்துக்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் அந்த மாதத்தில், சாலையோரம் மெழுகுவத்தியும் ஊதுபத்தியும் எரிந்துகொண்டிருக்க, அருகே பழங்களும் காகிதப் பணத்தின் சாம்பலும் கிடக்கும். பிள்ளைகளை அவற்றை மிதிக்காமல் சுற்றி நடக்கப் பழக்குங்கள். தெருமேடையில் பாட்டோ கூத்தோ நடந்தால் முதல் வரிசை நாற்காலிகள் காலியாகவே இருக்கும். அவை ஆவிகளுக்கானவை என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், வெளியூர்க்காரர் கூட்டத்தைத் தாண்டி மகிழ்ச்சியோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்.

இவர்கள் இவற்றைத் தமதாக்கிக்கொள்வார்களா? என் கணிப்பில், அச்சத்தால் ஏற்பவர்களைவிடப் பணத்தால் ஏற்பவர்களே அதிகம். கனடாவின் வான்கூவர் வட்டார வீட்டு விற்பனையைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வொன்று, சீனர்கள் சராசரியைவிட அதிகமாக வாழும் பகுதிகளில், நான்கில் முடியும் எண்ணுள்ள வீடுகள் 2.2 விழுக்காடு குறைவாகவும், எட்டில் முடிபவை 2.5 விழுக்காடு கூடுதலாகவும் விலைபோனதைக் காட்டியது. ஆகவே கொண்டோ எனும் அடுக்குமாடி வீடு வாங்க நினைக்கும் மருமகனிடம், மின்தூக்கியில் நான்குக்குப் பதில் 3ஏ என்றிருப்பதன் காரணத்தை விளக்கும்போதே, பின்னாளில் அந்த வீட்டை வாங்க வருபவர் சீனராக இருக்கக்கூடும் என்பதையும் சொல்லிவையுங்கள். மற்றதையெல்லாம் கேட்டுச் சிரித்தவர், அதன் பிறகு கதவு எண்ணைத் தாமே விசாரிப்பார்.

பாதி அறிந்து ஏற்பதுதான் தொல்லை. ஜார்ஜ் டவுன் கடைகளில் விற்கும் எண்கோணக் கண்ணாடியை அழகுக்காக வாங்கி வாசலில் மாட்ட அவர் விரும்பலாம். அது கெட்டதை எதிர்வீட்டின் பக்கம் திருப்பிவிடும் என்பது நம்பிக்கையாதலால், எதிர்வீட்டாரின் முகம் கறுக்கும். வீட்டுக்குள் மாட்டுவதும் ஆகாது என்பார்கள். எனவே அது பெட்டியிலேயே இருக்கட்டும்.